மூச்சுக் குறிகள்

நூறு பேருக்கு மேல் சேர்ந்து பாடும் கொயரில் ஒருவர் பாடாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்றவள் நான். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கொயர் தாம்பரத்தில் ஒரு சபையின் மண்டபத்தில் கூடுகிறது. ஒரே சபைக்காரர்கள் அல்ல. சிட்லபாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை பல சபைகளிலிருந்து வருகிறோம், கத்தோலிக்கர்களும் உண்டு. வருடத்துக்கு ஒரு பெரிய கச்சேரி, கிறிஸ்துமஸுக்கு முன்னால். வயலின், செல்லோ, டிரம்பெட் என்று முழு இசைக்குழு அன்று எங்களுக்கு முன்னால் உட்காரும். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடித்து, வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு மதியப் பயிற்சிக்கு வந்து சேர்வோம்.

நான் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல்; இரண்டாம் வரிசை. எனக்கு இடப்பக்கம் நிற்பவர் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், நாற்பதைத் தாண்டியவர். நான் அவரை அக்கா என்பேன். மென்பொருள் சோதனைதான் என் வேலை என்பதால் அவர் என்னை இன்ஜினியரம்மா என்று கூப்பிடுவார். இருவருக்கும் வீடு சிட்லபாக்கம். பயிற்சி முடிந்ததும் அவருடைய ஸ்கூட்டரில்தான் வீடு திரும்புவேன்.

இவ்வளவு பெரிய கொயரில் நீண்ட சுரங்களைப் பிடிக்க ஒரு முறை உண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் சத்தத்தில் ஓட்டை விழும். அதனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் இருவர் இருவராகப் பேசிவைத்துக்கொள்வோம்: நீ இங்கே எடு, நான் அங்கே எடுக்கிறேன். அந்த இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி. ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் பாடிக்கொண்டிருப்பார். கேட்பவர்களுக்கு அந்தச் சுரம் மூச்சே விடாத ஒரு பெரிய பிராணியின் குரல் போலிருக்கும். எனக்கு ஜோடி அக்கா. மூன்று வருடமாக, என் மூச்சு தீரும்போதெல்லாம் இடது காதில் அவர் குரல் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நான் பாடினேன்.

இந்த முறை எடுத்திருந்த பாட்டு ஒரு நீண்ட ஆமெனில் முடியும். மேலே சொப்ரானோக்கள் அலைந்து திரிவார்கள், கீழே பாஸ்காரர்கள் நடந்துகொண்டிருப்பார்கள், நடுவில் ஆல்டோக்கள் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். கச்சேரிக்குச் சில வாரங்களே இருந்தபோது, கொயர் மாஸ்டருக்கு எங்கள் பகுதி கலங்கலாகக் கேட்டது. எல்லோரையும் நிறுத்திவிட்டு, ஆல்டோக்களை மட்டும் ஜோடி ஜோடியாகப் பாடச் சொன்னார். கீபோர்டும் வேண்டாம் என்றார்.

எங்கள் முறை வந்தது. சுரத்தைத் தொடங்கினோம். என் குறி வந்ததும் நான் மூச்சு எடுத்தேன்.

மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் வாய் அழகாகத் திறந்திருந்தது, கண் மாஸ்டர் மேல் இருந்தது, வயிறு சரியாக உள்வாங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

மாஸ்டருக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. கொயர்காரர்களுக்கு ஓட்டை என்றால் ஒரே காரணம்தான் தோன்றும்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல மூச்சு எடுக்குறீங்க. கணக்கு டீச்சரும் இன்ஜினியரும் சேர்ந்து ஒரு மூச்சைப் பங்கு போட முடியலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மாஸ்டர் மறுபடி பாடச் சொன்னார். இந்தத் தடவை என் குறி வந்தபோது நான் மூச்சு எடுக்கவில்லை. யோசித்து எடுத்த முடிவில்லை, உடம்பு அப்படிச் செய்தது. விலா எலும்புகள் வலிக்கும்வரை பிடித்தேன். "ஆங், இப்ப சரி" என்று மாஸ்டர் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அன்று என்ன பாடினேன் என்று எனக்கு நினைவில்லை. தாளில் இருந்த எழுத்துகள் தெரிந்தன, படிக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: அப்படியென்றால் இத்தனை நாள் என் இடது காதில் கேட்டது யார்?

பயிற்சி முடிந்ததும் அக்கா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் வாசல் கேட் வரை தள்ளிக்கொண்டே வந்தார். நான் கேட்கும் முன்னால் அவரே சொன்னார். கோடை விடுமுறையில் தைராய்டு ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஜூனில் பயிற்சி தொடங்கியபோது அவர் கழுத்தை மூடிய பிளவுஸ் போட்டு வந்ததும், குரல் கரகரத்ததும் எனக்குத் தெரியும். ஸ்கூல் திறந்தால் டீச்சர்களுக்குத் தொண்டை கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நரம்புல லேசா பட்டிருக்கும்னாரு டாக்டர். குரல் திரும்ப வரலாம், வராமலும் போகலாமாம். பேச்சு வந்துடுச்சு. பாடலாம்னு வாயைத் திறந்தா காத்துதான் வருது."

"அப்புறம் ஏன்க்கா வர்றீங்க?" என்றேன். அதிர்ச்சியில் கேள்வி முரட்டுத்தனமாக வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "கீழ சேர்ல உட்கார்ந்தா பாட்டு முன்னாடியிருந்து வரும்மா. உள்ள நின்னா நாலு பக்கமும் இருக்கும். இத்தனை வருஷம் உள்ள நின்னே கேட்டுட்டேன்."

பாடாதவர்களுக்கு மேடையில் இடமில்லை என்பது எங்கள் மாஸ்டரின் சட்டம். போன வருடம் பயிற்சிக்குச் சரியாக வராத ஒரு பாஸ்காரரைக் கச்சேரிக்கு முந்தைய நாள் கீழே இறக்கினார். அக்கா கேட்டது ஒன்றுதான்: இந்தக் கச்சேரி மட்டும் மேடையில் நிற்க வேண்டும், ஜனவரியில் அவரே மாஸ்டரிடம் சொல்லிவிடுவார், அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது.

சரி என்றேன். பிறகு ஒரு வாரம் தூக்கம் சரியாக இல்லை. ஆபீஸில் ஒரு பிழையைக் கண்டால் மூன்று கேள்வி கேட்பேன்: எப்போதிலிருந்து, யாரைப் பாதிக்கிறது, எப்படி மறைந்திருந்தது. முதல் இரண்டுக்கும் பதில் இருந்தது. மூன்றாவதுதான் உறுத்தியது. பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற காதுக்கு அரை அடி தூரத்தில் ஆறு மாதமாக ஒரு குரல் இல்லை.

அதைவிட அவசரமான சிக்கல் ஒன்றும் இருந்தது. அந்த ஆமென் முழுவதையும் ஒரே மூச்சில் என்னால் பிடிக்க முடியாது. என் குறி வரும் இடத்தில் வேறொருவர் பாட வேண்டும். எனக்கு நேர் பின்னால் நிற்பவள் காட்டாங்குளத்தூரில் படிக்கிற கல்லூரி மாணவி, நல்ல கனமான குரல். அடுத்த ஞாயிறு டீ இடைவேளையில் அவளைத் தனியாகப் பிடித்தேன். எனக்குச் சளி, மூச்சு போதவில்லை, நான் எடுக்கும் இடத்தில் நீ எடுக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன்.

அவள் சமோசாவை மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அது எப்பவோ மாத்திட்டோம்."

"எதை?"

"மூச்சை. நீங்க ஆபீஸ்ல ரிலீஸ்னு ஒரு வாரம் வரலைல்ல? அன்னைக்கு உங்க ரெண்டு பேர் இடத்துலயும் ஒண்ணுமே கேக்கலை. அப்பவே பின்னாடி வரிசை நாங்க மூணு பேரும் பேசி மார்க் மாத்திக்கிட்டோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்." சமோசாவை விழுங்கிவிட்டு, "டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க. எங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா வரமாட்டாங்க" என்றாள்.

டீ கையில் ஆறிப்போனது. ஆக பின்வரிசைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, ஒட்டி நின்ற எனக்குத்தான் தெரியவில்லை. அக்காவின் குரல் என்று நான் சாய்ந்துகொண்டிருந்தது பின்னால் நின்ற மூன்று பெண்களின் குரல். அவர்களில் மற்ற இருவரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்தது கிடையாது. எனக்கு அவமானமாக இருந்தது. எதற்கு என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தன் ரகசியத்தை நான் காப்பாற்றுகிறேன் என்று அவர் நம்பினார். அவர் நம்பிக்கையைப் பின்வரிசை காப்பாற்றியது. நடுவில் நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

கச்சேரி நடந்தது. ஆமென் வந்தது. என் குறியில் மூச்சு எடுத்தேன், ஓட்டை விழவில்லை. இந்தத் தடவை யார் யார் பாடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. இடப்பக்கம் அக்கா தன் குறியில் மூச்சு இழுப்பதும் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது.

முடிந்து கீழே இறங்கியதும் அக்காவின் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் வேலை, அதிகம் பேசாத மனிதர். அன்று முகம் மலர்ந்திருந்தது. அக்கா இரண்டடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, பாட்டுத் தாள்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எனக்கு அவ குரல் தனியா கேட்டுச்சும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்ல ஒரு பாட்டு பாடலை. கேட்டா, கொயர்ல பாடறேன்ல, போதும்ங்கிறா. நீங்க பக்கத்துல நிக்கிறவங்க, நீங்கதான் சொல்லணும். குரல் வந்துடுச்சுல்ல?"

தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

வேலையில் நான் பொய்யான அறிக்கை கொடுத்ததில்லை. சோதித்ததை மட்டும் சொல்வேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆறு மாதக் கவலை முழுதாக இருந்தது, கூடவே அதை இறக்கிவைக்க ஒரு இடம் கிடைத்துவிட்ட நிம்மதியும்.

"ஒரு இடத்துலகூட அக்கா மூச்சு தப்பலை, சார்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. தலையைத் தலையை ஆட்டினார். கொயருக்குத் தந்த கேக் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, அந்தப் பக்கம் போனார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அடுக்கிய தாள்களை வெளியே எடுத்து, முதலிலிருந்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.