இறங்கித் தள்ளாமல் ஒரு ஊர்

கனடாவில் நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் என் கணவரின் முதுகுதான். எதிர் ஃப்ளாட் வங்காளி அண்ணி, மிதாலி பௌதி, ஆசையாக போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "நயாகரா எங்கே?" என்று கேட்டார். நயாகராவுக்கு நாங்கள் போகவேயில்லை.

என் கணவர் பெயர் சுந்தரேசன். கொல்கத்தா டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தபால் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தார். காளிகாட் வீட்டிலிருந்து தினமும் சைக்கிள்தான். கொல்கத்தாவின் பெரிய ரோடுகள் பலவற்றில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று ஆன பிறகும் விடவில்லை. சந்து சந்தாகப் புகுந்து போவார். பெரிய ரோடு வந்ததும் இறங்கி, ஜனங்களோடு ஜனமாகத் தள்ளிக்கொண்டு கடப்பார். கேரியரில் நான் இருந்தால் நானும் இறங்க வேண்டும். லேக் மார்க்கெட் போய் வருவதற்குள் எத்தனை தடவை புடவையைச் சுருட்டிக்கொண்டு குதித்திருப்பேன்! சரியான பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டுவேன்.

ரிட்டயர் ஆனதும் டொரான்டோவில் இருக்கும் எங்கள் பெண் சைதன்யாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு ஊரையாவது இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், இறங்கித் தள்ளாம ஓட்டிப் பாத்துடணும்மா."

அவள் மூன்று வாரம் லீவு போட்டாள். காருக்குள் கூடாரம், அடுப்பு, அரிசி, ரவை. காருக்குப் பின்னால் அவளுடைய சைக்கிளும், எங்களுக்காக யாரிடமோ கேட்டு வாங்கிய, இரண்டு பேர் மிதிக்கிற நீள சைக்கிளும். எனக்கு ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து மிதித்தால் போதும் என்றாள். ஒவ்வொரு ஊருக்கும் வெளியே கூடாரம் போட்டோம். காலையில் உப்புமா, பிறகு சைக்கிளில் ஊருக்குள்.

கிங்ஸ்டனில் எங்களுக்கு வழி விட்டு ஒரு பெரிய லாரி நின்றது. அவர் இறங்கி டிரைவரைக் கும்பிட்டார். ஒட்டாவாவில் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை ரோட்டில் கார்களை நிறுத்திவிட்டு, ரோடு முழுவதையும் சைக்கிள்காரர்களுக்கு விட்டிருந்தார்கள். நான் வாயைப் பிளந்தேன். "நிஜமாவா கோமதி?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் அந்த ரோடு முடிந்து பெரிய சந்திப்பு வந்ததும் அவர் கால் தானாக ஊன்றிக்கொண்டது. இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாப்பா!"

"எனக்குத் தெரியறதும்மா. காலுக்குத் தெரியலையே."

சைதன்யாவின் முகம் வாடிப் போனது. எனக்குப் பாவமாக இருந்தது, இருவரையும் பார்த்து.

கடைசி ஊர் மாண்ட்ரியல். மறுநாள் திரும்ப வேண்டும். எங்கள் கூடாரம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம். நடுவில் வானத்துக்கு ஏறுகிற மாதிரி ஒரு பாலம். அதில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருந்தது. சைதன்யா முன்னால் போய்விட்டாள். அவர் பாலத்தின் அடியிலேயே பிரேக்கைப் பிடித்தார்.

"தள்ளிண்டே போயிடலாம் கோமதி. பாலத்து மேலல்லாம் விட மாட்டா."

எனக்கு வந்ததே கோபம். "நான் இறங்க மாட்டேன். தள்றதுன்னா என்னையும் சேத்துத் தள்ளுங்கோ!"

திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஏறி உட்கார்ந்தார்.

மூச்சு முட்ட மிதித்தோம். உச்சிக்கு வந்ததும் கீழே பார்த்தேன். எவ்வளவு தண்ணீர்! ஹூக்ளியைப் பார்த்தே பழகியவள்தான் நான், ஆனாலும் சைக்கிளில் உட்கார்ந்தபடி ஓர் ஆற்றின் தலைக்கு மேல் போவேன் என்று கனவில்கூட நினைத்ததில்லை. எதிரே ஊர் முழுவதும் வெயிலில் மின்னியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன்; மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏன்னா, என்ன ஆச்சு?"

"இத்தனை வருஷமா உன்னை நடு ரோட்டுல இறக்கி இறக்கி விட்டேனே கோமதி. ஒவ்வொரு தடவையும் வெக்கமா இருக்கும். உன் மூஞ்சியைப் பாக்காமத்தான் தள்ளிண்டு போவேன்."

நான் இன்னும் வேகமாக மிதித்தேன். பாலம் இறங்கி, ஊருக்குள் புகுந்து, சாயங்காலம் மறு கோடியைத் தொடும்வரை, சாப்பிட உட்கார்ந்த நேரம் தவிர, நாங்கள் இருவரும் இறங்கவேயில்லை.