அண்ணியின் பட்டறையில் சிவப்புத் தூள்

அண்ணன் ஓட்டும் பஸ்ஸில்தான் நான் வேலைக்குப் போவேன். அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சீட் டிரைவர் தங்கச்சியுடையது என்று வழக்கமாக ஏறுகிறவர்களுக்குத் தெரியும். அன்று காலை மூன்றாவது நிறுத்தம் தாண்டியதிலிருந்து அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான். பாலத்தில் ஏறும்போது ஒரு கண் பாதி மூடிவிட்டது.

"அண்ணா, கண்ணு வீங்கிப் போச்சு. நிறுத்து."

"பாலத்து மேல எப்படி நிறுத்துறது? பேசாம இரு."

பேச்சே குழறியது. உதடு தடித்திருந்தது. பின்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். பாலம் இறங்கும் இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள். நான் எழுந்து அவன் தோளை ஒட்டி நின்றுகொண்டேன். "முன்னால வேன் போகுது. மெதுவா. இப்போ பிரேக் போடு. பிள்ளைங்க நிக்கிறாங்க, போடு போடு." பஸ்ஸை எப்படியோ ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அப்படியே ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தான். மூச்சு விசில் அடிப்பதுபோல் வந்தது.

"காலங்காத்தாலயே தூக்கமா டிரைவருக்கு?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். கிட்டே வந்து முகத்தைப் பார்த்ததும் அவரேதான் தன் மருமகனுக்கு போன் போட்டு கார் வரவழைத்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு ஊசி போட்ட பிறகே மூச்சு சீரானது. "ஏதோ ஒண்ணு உங்க உடம்புக்கு ஆகலை. வீட்டுல புதுசா என்ன வந்திருக்கு?" என்று டாக்டர் கேட்டார். எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. இரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் அண்ணனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. டிப்போ மேலாளர் பார்க்க வந்தார். "காரணம் தெரியாம உன்னை வண்டியில ஏத்த முடியாதுப்பா, தப்பா எடுத்துக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தெருவில் அவளுக்குக் 'கத்தியக்கா' என்று பெயர். ஒரு பெரிய கேன்டீன் சமையலறையில் ஒன்பது வருஷம் காய் நறுக்கியவள். அங்கே கொடுத்த கத்திகள் வெங்காயத்தை நறுக்காமல் நசுக்கின. ஆத்திரம் தாங்காமல், உடைந்த ரம்பத் தகடு ஒன்றை வாங்கிவந்து தேய்த்துத் தேய்த்துத் தனக்கென்று ஒரு கத்தி செய்துகொண்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள், அப்புறம் பக்கத்து ஹோட்டல்காரர் கேட்டார். வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டின் பின்னறையைப் பட்டறையாக்கி ஏழு வருஷம் ஆகிறது. அவள் சாணைப் பட்டையில் அலகைத் தீட்டும்போது எதிரே நின்று பேச எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது. பதில் வராது, முறைப்புத்தான் வரும்.

அவள் கத்தி செய்வாள், நான் சமைப்பேன், துணி துவைப்பது அண்ணன். "ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குத் துணி பிழியறதுதான் உடற்பயிற்சி" என்று பெருமையாகச் சொல்வான்.

எட்டு மாதத்துக்கு முன் மரக்கடைக்காரர் ஒரு சிவப்பு மரத்தைக் காட்டினார். எங்கிருந்தோ கப்பலில் வந்ததாம். இரும்பு மாதிரி கனம், தேய்த்தால் எண்ணெய் பூசியதுபோல மினுக்கும், அறை முழுக்கக் காரமான ஒரு வாசனை. அதில் பிடி போட்ட கத்தியைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் பன்னிரண்டு கத்திகள் வேண்டும் என்றார். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மத்தியானம், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அண்ணன் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். நான் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அண்ணி பட்டறையில் போட்டுக்கொள்ளும் மேலங்கியை எடுத்து, தண்ணீரில் போடுவதற்கு முன் பட் பட்டென்று இரண்டு முறை உதறினான். வெயிலில் சிவப்பாக ஒரு புகை கிளம்பி அவன் முகத்தைச் சுற்றி நின்றது.

கால் மணி நேரத்தில் கண் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தந்திருந்த மாத்திரையைக் கொடுத்து, மூச்சு மருந்தை இழுக்க வைத்து, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாமா என்று நான்கு முறை செருப்பை மாட்டிக் கழற்றினேன். ஒருவழியாக அடங்கியது.

நேரே பட்டறைக்குப் போனேன். "அண்ணி, அந்தச் சிவப்பு மரம்தான்."

இயந்திரத்தை நிறுத்தினாள். "எது?"

"அந்தத் தூள்தான் அண்ணாவுக்கு ஆகலை. இப்போ என் கண்ணால பார்த்தேன். அன்னிக்குக் காலையிலகூட பஸ் எடுக்கப் போறதுக்கு முன்னாடி உங்க துணியைத்தான் துவைச்சான்."

"நாள் பூரா நான்தான் இந்தத் தூளுக்குள்ள கிடக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலை, துணி துவைக்கிறவருக்கு ஆயிடுச்சா? இத்தனை வருஷம் இல்லாம இப்போ நாத்தனார் வேலையைக் காட்டுறியா?"

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்துவிட்டேன். அதன்பின் மூன்று நாளும் மேலங்கியை மட்டும் நான் அண்ணன் கையில் படாமல் ஒளித்து வைத்தேன்.

நான்காம் நாள் அண்ணியே ஏழெட்டுச் சின்னப் பொட்டலங்களோடு அண்ணனையும் என்னையும் அழைத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் கிளம்பினாள். இரும்புத்தூள், பசை, மெருகு எண்ணெய், மூன்று வகை மரத்தூள், சோப்பு. தன் பட்டறைமேல் பழி இல்லை என்று நிரூபிக்கத்தான் வந்தாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

அந்த டாக்டரம்மா நிதானமானவர். மரத்தூளை அப்படியே வைத்தால் ஆபத்து என்று மிகக் கொஞ்சமாகக் களிம்பில் குழைத்து, அண்ணன் முதுகில் வரிசையாக ஒட்டினார். குளிக்கக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது. இரண்டு நாள் அண்ணன் நாற்காலியில் கட்டிப்போட்டவன் மாதிரி இருந்தான். அண்ணி தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் சட்டைக் காலரையே பார்த்தாள். ஏதாவது கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதல் இடம் சுத்தம். இரண்டாவது சுத்தம். ஐந்தாவதைப் பிரித்ததும் அவர் கை நின்றது. அந்த இடம் மட்டும் செக்கச்செவேலென்று தடித்து, சின்னச்சின்னக் கொப்புளங்களாக இருந்தது. எந்த இடத்தில் எது என்று எழுதிய சீட்டைப் பார்க்காமலே அது சிவப்பு மரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு எதுவும் ஆகலையே டாக்டர்" என்றாள் அண்ணி. குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"கையைக் காட்டுங்க."

அண்ணி நகரவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து அவள் முழுக்கைச் சட்டையின் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெடித்து, சொறிந்த இடமெல்லாம் காய்ந்த ரத்தம்.

"எத்தனை மாசமா?"

"அஞ்சு."

ஐந்து மாதமாக வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டை. அண்ணன் திரும்பி அந்தக் கையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், சட்டையைப் போட்டுக்கொண்டான். வீட்டு வாசலில் வந்துதான் வாயைத் திறந்தான்.

"என்னை விடு. பஸ்ல நாப்பது பேரு இருந்தாங்க."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பசையாலதான்னு நெனச்சேங்க. இல்ல, அப்படி நெனச்சுக்கிட்டேன். மரம்னு தெரிஞ்சா அந்த வேலையை விடணுமேன்னு..." முடிக்க முடியாமல் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளே அண்ணனை எங்கள் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். நானும் அண்ணியும் மூக்கையும் வாயையும் மூடும் வடிகட்டி வைத்த முகமூடி போட்டுக்கொண்டு பட்டறையைக் கழுவினோம். பெருக்கக்கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. அலமாரிக்குப் பின்னால், மின்விசிறி இறக்கையில், சமையலறைக் கதவின் மேல் சட்டத்தில், எங்கே தொட்டாலும் சிவப்பு. வாளித் தண்ணீரை எத்தனை முறை மாற்றினோம் என்று கணக்கே இல்லை. பட்டறையிலிருந்து சமையலறைக்கு வரும் வழியைக் கொத்தனாரை வைத்து அடைத்தோம். இனி அவள் பக்கத்துச் சந்து வழியாக வந்து, வெளிக் குழாயடியில் குளித்து, உடை மாற்றிய பிறகே வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

பன்னிரண்டு கத்தி கேட்ட சமையல்காரரை அண்ணி போனில் கூப்பிட்டாள். ஏழு கத்தி முடிந்திருந்தது, மீதி ஐந்துக்கு வேறு மரம்தான் போட முடியும் என்றாள். "ஒரே மாதிரி இல்லன்னா எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்று வைத்துவிட்டார். அப்புறம் அவர் பேசவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, கத்தி செய்யும் இன்னொருவர் வந்தார். சிவப்பு மரத்தில் நான்கு பலகை மிச்சம் இருப்பதை மரக்கடையில் கேள்விப்பட்டிருக்கிறார். அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார்.

"எனக்கெல்லாம் எருமைத் தோலும்மா. ஒண்ணும் ஆகாது. குடுங்க."

அண்ணி கையை நீட்டிக் காட்டினாள். "நானும் இப்படித்தான் சொன்னேன்."

"விக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லுங்க. தொழில் போட்டிதானே?"

"உங்க வீட்டுல உங்க துணியை யாரு துவைக்கிறா?"

அவர் முகம் மாறியது. "அது உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். எரித்தால் புகையும் விஷம் என்பதால், பலகைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி நகராட்சி ஆட்களிடம் ஒப்படைத்தோம்.

ஆறு வாரத்துக்குப் பிறகு டாக்டரம்மா கொடுத்த கடிதத்தோடு அண்ணன் டிப்போவுக்குப் போனான். முதல் வாரம் மேற்பார்வையாளர் ஒருவர் கூடவே வந்தார், அப்புறம் தனியாக ஓட்ட விட்டார்கள். ஆனாலும் மரம் இழைக்கும் கடைப் பக்கம் போனால் இன்னமும் அவனுக்கு இருமல் வருகிறது. மூச்சு மருந்து எப்போதும் சட்டைப் பையில்தான். அண்ணியின் கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் போகவில்லை. இப்போது அவள் கத்திகளுக்கு வெளிர்நிறச் சாதா மரத்தில்தான் பிடி. அதையும் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கிறாள், வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது.

போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கு உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"எப்படிக் கேட்டீங்க?" என்றேன்.

"நாத்தனார் வேலைன்னு."

"அது நாத்தனார் வேலைதான் அண்ணி. இனிமேலும் பார்ப்பேன்" என்றேன். முறைத்துவிட்டு இயந்திரத்தைப் போட்டாள்.