முதுகு மூடிய டிவி

டிவியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் வாயை மூடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல, பார்த்துப் பார்த்தே படித்த படிப்பு. நாடகத்தில் அழுகிறவள் ஏன் எப்போதும் புதுச் சேலையில் அழுகிறாள், விளம்பரத்து அடுப்பில் ஏன் கரியே இல்லை என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். டிவி மனுசரைக் கதிரையோடு கட்டிப்போட்டுவிடும் என்று படித்தவர்கள் குறைப்படுகிறார்கள். இருக்கலாம். எங்கள் வீட்டைக் கட்டிப்போட்டதும் ஒரு டிவிதான். ஆனால் அதில் ஒரு நாளும் படம் ஓடியதில்லை.

சண்டையில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு இருபது வருசம் கிடந்த புத்தளத்திலிருந்து, சண்டை முடிந்த மறுவருசம் மன்னார் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பினோம். 'திரும்பினோம்' என்பது வாப்பாவின் சொல். சின்னப் பிள்ளையாக வெளிக்கிட்ட உம்மாவுக்கு அந்த ஊர் ஒரு கிணறும் ஒரு முருங்கையும்தான். எனக்கும் தம்பிக்கும் அதுவுமில்லை. காணியில் உடைமரம் மண்டிக் கிடந்தது. தகரக் கொட்டிலுக்குள் கழுதைகள் தலையை நீட்டி எங்களை விசாரித்தன.

உம்மா தவணை வைத்தார். "நோன்புக்கு முந்திக் கரண்டு வராட்டி நான் புள்ளயளக் கூட்டிக்கொண்டு புத்தளம் போறன். நீங்க உங்கட காணியக் கட்டிப்புடிச்சிக்கொண்டு இருங்க."

வாப்பா மின்சார சபைக் கந்தோருக்கு நடந்தார். ஆட்கள் குடியிருக்கும் ஒழுங்கைக்குத்தான் கம்பி இழுப்போம் என்றார்கள். எங்கள் ஒழுங்கையிலோ மூன்றே குடும்பம். மற்றவர்கள் வருவார்கள், வேலியைப் பார்ப்பார்கள், கரண்டு இல்லை என்றதும் விளக்கு வைக்காமலே பஸ் ஏறிவிடுவார்கள். ஆளில்லாமல் கரண்டு வராது, கரண்டில்லாமல் ஆள் வராது.

அந்த நேரத்தில்தான் உம்மாவின் தம்பி, என் மாமா, லொறியில் ஒரு பெரிய டிவியோடு வந்து இறங்கினார்.

"மொட்டைத் தலைக்குச் சீப்பா தம்பி?" என்றார் உம்மா.

"முடி முளைக்கும் ராத்தா. சீப்பக் கண்டா வெக்கத்துல முளைக்கும்."

உம்மா டிவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பழைய திரைச்சீலையை வெட்டி அன்று பகலே ஓர் உறை தைத்தார். எல்லார் வீட்டிலும் டிவியின் முகத்தை மூடுவார்கள், உம்மா முதுகை மூடினார். நாலு மூலையிலும் நாடா வைத்து இறுக்கிக் கட்டினார். மன்னார்க் காற்றுக்குப் பயந்து என்று நினைத்தேன்.

மாமா நீளக் குழாய் ஒன்றில் அன்டெனாவைக் கட்டி முற்றத்தில் நட்டார். எங்கள் கரையில் அன்டெனா இந்தியாவைத்தான் பார்க்கும். குழாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே ஒழுங்கைக்கெல்லாம் கேட்கக் கத்தினார்.

"மகள், இப்பத் தெரியுதா?"

நான் டிவிக்கு முன்னால் குந்தியிருந்தேன். "இல்ல மாமா!"

"இப்ப?"

கறுத்த கண்ணாடிக்குள் நான் தெரிந்தேன். எனக்குப் பின்னால் வாசல், வாசலில் ஒரு கழுதை. அதற்குப் பக்கத்தில் உம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தபடி. ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் கண்டதில்லை.

"தெரியுது மாமா!" என்று கத்தினேன். "நல்லாத் தெரியுது!"

காணி பார்க்க வந்திருந்த ஒரு மாமி வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தார். "கரண்டு வந்திட்டுதோ?"

"சும்மாவா அன்டெனா நிக்கிது?" என்றார் மாமா.

அந்தக் கதை மாமிக்கு முந்திப் புத்தளம் போய்ச் சேர்ந்தது. அடுத்த கிழமையே தகரமும் தடியுமாகக் குடும்பங்கள் வந்து இறங்கின. அந்த மாமி ஒரு பிரிஜ்ஜோடு வந்தார். உள்ளதை அறிந்ததும் பிரிஜ்ஜுக்குள் உடுப்புகளை அடுக்கிவிட்டு நேரே எங்கள் வாசலுக்கு, மாமாவைத் தேடி வந்தார்.

"டேய் களவா, எங்கடா கரண்டு?"

"நீங்க வந்திட்டீங்கதானே மாமி, இனி அது வரும்."

உம்மா குறுக்கே வந்தார். "இருங்க மாமி, தேத்தண்ணியக் குடிச்சிட்டு ஏசுங்க." மாமி குடித்தார், ஏசினார், மறுநாளும் தேத்தண்ணிக்கு வந்தார்.

நோன்பு தொடங்கிவிட்டது. கம்பி வரவில்லை. உம்மா எப்போது பெட்டி கட்டுவார் என்று பயந்துகொண்டே திரிந்தேன். அவரோ பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சி வந்த குடும்பங்களுக்கெல்லாம் வார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, நாங்க புத்தளம் போறல்லையா?"

"போனா இந்த டிவிய ஆரு தூக்குற?"

பெருநாள் கழித்துக் கரண்டு வந்தது. மாமியின் பிரிஜ்ஜிலிருந்து உடுப்புகள் வெளியேறின. எங்கள் டிவி மட்டும் கண் திறக்கவில்லை. திருத்துகிறவர் வந்தார். நாடாக்களை அவிழ்த்து உறையைக் கழற்றினார். டிவியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல், நடுவே உருகிய ஓட்டை.

"இது இடி விழுந்த செட். எப்பவோ மௌத்தாப் போனது, உசிரே இல்ல. இதக் காசு குடுத்து வேற வாங்கினீங்களா?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா உம்மாவைப் பார்த்தார். உம்மா அந்த உறையை உதறி, நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

பாவம், என் உம்மாவை இப்படி ஏமாற்றிவிட்டாரே என்று மாமாவோடு மூன்று நாள் நான் கதைக்கவில்லை. அந்தக் கருகல் தெரியாதபடி அளவெடுத்து, நாடா வைத்து, அதை மூடித் தைத்தது யார் என்று யோசிக்கிற வயதா அது?