சுதனைத் தெரியாது என்றேன்

என் மாணவனை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் மாநிலப் பாராளுமன்றத்துக்குப் போனேன். இதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

சுதன் கிளிநொச்சியில் என்னிடம் கணிதம் படித்தவன். நான் விமானத்தில் சிட்னி வந்து, இங்கும் ஆசிரியையாகி, பிறகு அரசியலில் இறங்கினேன். அவன் பல ஆண்டுகள் கழித்துப் படகில் வந்தான். ஒருநாள் சிட்னியின் புறநகரான டூங்கபியில் என் தேர்தல் அலுவலக வாசலில் வந்து நின்றான்.

"ரீச்சர், என்னைத் தெரியுதோ?"

"சுதன்! கடைசி வாங்கிலை இருந்து யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டிருப்பியே!"

அவன் சிரித்த சிரிப்பு… அகதி விசாரணையில், தான் இன்னார்தான் என்று சாட்சி சொல்ல வரும்படி கேட்டான். வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் துண்டுப்பிரசுரங்களை வீடு வீடாகக் கொண்டுபோனான்.

டூங்கபி ரயில் நிலைய வாசலில் நாங்கள் வாக்குக் கேட்டு நின்ற அந்தக் காலை, இன்றும் கனவைப் போலவே மிதக்கிறது. நடைபாதையெங்கும் ஊதாப் பூக்கள்… ரயில்கள் ஓசையின்றி வந்து போயினவோ என்றுகூடத் தோன்றுகிறது. பத்திரிகைக்காரி ஒருத்தி சுதனைக் காட்டிக் கேட்டாள்: "இவர் படகில் வந்தவராமே, உங்களுக்குத் தெரிந்தவரா?"

படகு என்ற சொல்லுக்கே வாக்குகள் கரைந்த காலம் அது.

"இல்லை. யாரோ உதவிக்கு வந்தவர்" என்றேன். ஆங்கிலத்தில், வகுப்பறைக்குரிய தெளிவான குரலில்!

பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு விளங்கியது.

"பரவாயில்லை ரீச்சர். எலக்சன் முடியட்டும்."

என் பதில் அச்சில் வந்தது. நான் வென்றேன். விசாரணை நாளும் வந்தது… ஊரறியத் தெரியாது என்று நான் சொன்னவனுக்காக எந்த முகத்தோடு சாட்சி சொல்வேன்? போகவில்லை. பயமா? பதவி ஆசையா? இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்றுவரை எனக்குத் துணிவில்லை.

அவனை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள்.

சில வாரங்களில் அவனுடைய தாய் தொலைபேசியில் அழைத்தார்.

"ரீச்சர், நீங்கள் வெண்டது எங்களுக்கெல்லாம் பெருமை. இவனை இஞ்சை எயார்போட்டிலையே பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். நீங்கள் பெரிய இடத்திலை இருக்கிறியள். என்ர பிள்ளையைத் தெரியுமெண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"ஓம் அம்மா, சொல்லுறன்."

அதன் பிறகு சபையில் எவ்வளவோ பேசினேன்… பள்ளிக்கூடங்கள் பற்றி, பிள்ளைகள் பற்றி. மேசைகளைத் தட்டினார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்கும் சொல்லவில்லை.

அந்தத் தாய் இப்போதும் பொங்கலுக்கு அழைத்து வாழ்த்துகிறார். மகனின் பெயரை அவர் எடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை.