நெற்றியில் எழுதிய அக்கி

என் வீட்டுக்காரருக்கு நெற்றியின் வலப்பக்கம் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கண்டது. எரிச்சல் தாங்காமல் முகத்தைத் தலையணையில் தேய்த்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு அக்கி என்று பேர். உடம்பில் சூடு ஏறினால் வரும் என்றுதான் எல்லாரும் சொல்வோம். இவர் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் சூடு ஏறாதா என்று நானும் நினைத்தேன்.

அக்கிக்கு எழுதுகிற குயவர் வீட்டுக்குப் போனோம். அவர் காவியைக் குழைத்து, சாமி பேரைச் சொல்லி, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் எழுதினார். "தண்ணி படக்கூடாது. தானா உதிரணும்" என்றார். நான் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தேன்.

காவி உதிரவில்லை. அதற்குள் கண் சிவந்து, இமை வீங்கி மூடிக்கொண்டது.

"ஏங்க, செங்கல்பட்டுக்குப் போயி கண் டாக்டராண்ட காட்டிடலாம்."

"காவியக் கழுவச் சொல்லுவாங்க. பாதியில கழுவுனா குத்தம்டி."

"கண்ணு போச்சுன்னா பஸ்ஸ நானா வந்து ஓட்டுறது?"

"நீ ஓட்டுனா ஒருத்தன் ஏற மாட்டான்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வலியில் முகம் கோணியது. அப்புறம் மறுக்கவில்லை.

டாக்டரம்மா காவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "அக்கிதாம்மா" என்றார். திட்டுவார் என்று பயந்திருந்த எனக்கு, எங்கள் வார்த்தையையே அவரும் சொன்னது ஆறுதலாக இருந்தது. அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் மனசைக் கலக்கிவிட்டது.

"சின்ன வயசுல இவருக்கு அம்மை போட்டிருந்துச்சா?"

"போட்டுச்சு" என்றார் இவர்.

"அந்தக் கிருமிதான். அம்மை எறங்குனாலும் அது நரம்புல தூங்கிக்கிட்டு இருக்கும். உடம்பு அசந்தா எழுந்துக்கும். சூட்டால வர்றது இல்லம்மா. இப்போ கண்ணுக்குள்ளயும் போயிருக்கு. முன்னாடியே வந்திருக்கலாம்."

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், தாய் மனம் குளிர்ந்து போய்விட்டாள் என்று கும்பிடுகிறவர்கள் நாங்கள். அப்படியானால் இத்தனை வருஷம் இவருக்குள்ளே இருந்தது யார்? தாயென்றால் பிள்ளையின் கண்ணில் கை வைப்பாளா? டாக்டரம்மாவிடம் கேட்கிற கேள்வியா இது? மாத்திரையும் சொட்டு மருந்தும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கொப்புளம் காய்ந்துவிட்டது. பார்வை தெளியுமா என்று மறுபடி பார்த்துத்தான் சொல்வார்களாம். அதுவரை வண்டியைத் தொடக்கூடாது. சாயங்காலம் நான் விளக்கேற்றும்போது இவர் வந்து நிற்கிறார். நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அம்மன் படத்தைப் பார்க்கிறார்.

"தெரியுதாங்க?"

"வெளக்கு தெரியுது. அம்மா மொகம்தான் கலங்கலா கீது."

நான் திரியை இன்னும் கொஞ்சம் தூண்டிவிடுகிறேன்.