வராத பிள்ளைக்கு மூன்று பெருக்கல் குறி

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஹெச்.எம். அறைக்குப் போனேன். ஏதோ ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அவசரமாம். படிவம் எப்போதுதான் அவசரமில்லை?

ஆண்டிமடம் பக்கம் நான் வேலை பார்க்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றி உங்களிடம் முன்பே புலம்பியிருக்கிறேன். ஒரே ஹால், வெளியே தனியாக ஹெச்.எம். அறை. மூன்றாம் வகுப்புக்கும் ஹெச்.எம். நடத்தும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு மர பீரோதான் சுவர். என் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். நான் எழுந்து போனால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

அதற்காகத்தான் லீடர். எங்கள் லீடர் கலையரசி. கெட்டிக்காரப் பெண், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் வெளியே போனதும் சாக்பீஸை எடுப்பாள். போர்டில் ‘பேசியவர்கள்’ என்று எழுதுவாள். கீழே பெயர்கள். திரும்பத் திரும்பப் பேசினால், பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. நான் வந்ததும் பட்டியலைப் பார்ப்பேன், பிரம்பை எடுப்பேன். விசாரணை, வாய்தா எதுவும் கிடையாது. நீங்களும் இப்படித்தானே படித்தீர்கள்?

அன்று திரும்பி வந்தேன். போர்டில் ஒரே ஒரு பெயர். வெண்ணிலா. பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி.

வெண்ணிலா வாயாடி. துறுதுறு. அவள் பெயர் இல்லாத பட்டியலை நான் பார்த்ததே இல்லை.

“வெண்ணிலா, எந்திரி. கைய நீட்டு.”

யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்... “டீச்சர், அதுதான் மூணு நாளா வரலியே!”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. காலையில் அவளுக்கு ஆப்சென்ட் போட்டதே நான்தான்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கலையரசியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“வராத புள்ள எப்படிடி பேசும்?”

அவள் கண் கலங்கிவிட்டது. “அன்னிக்கு ஒருநா போர்டுல யாரு பேரும் இல்லன்னு, ‘நீயும் சேந்து பேசுனியா’ன்னு என்னைய அடிச்சீங்கல்ல டீச்சர். அதான்... யாரு பேராச்சும் எழுதணும்ல.”

“அதுக்கு ஏன் வெண்ணிலா?”

“பழக்கத்துல எழுதிட்டேன். மத்தவங்க பேர எழுதுனா சண்டைக்கு வருவாங்க. வெண்ணிலான்னா... நீங்க ஏன்னு கேக்க மாட்டீங்க டீச்சர்.”

திறந்த டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

வெண்ணிலாவுக்கு இதுவரை எத்தனை அடி? அதில் எத்தனை அவள் உண்மையிலேயே பேசியதற்கு? கணக்கு வாத்தியாருக்கே விடை தெரியாத கணக்கு.

மாலை மணி அடித்ததும் வெண்ணிலா வீட்டுக்குப் போனேன். அவளும் அவள் அம்மாவும் அப்போதுதான் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஷெட்டிலிருந்து வந்திருந்தார்கள். ஆமாம், இருவரும்தான். அந்தக் கொட்டையின் பால் பட்டால் தோல் கறுத்து உரியும். எட்டு வயதுப் பிள்ளையின் விரல் நுனிகள் அதற்குள் கறுத்திருந்தன.

“சும்மா வூட்ல கெடக்கறாளேன்னு கூட்டிட்டுப் போனேங்க. நாளைக்கே அனுப்பி வுட்டுர்றேன் டீச்சர். சொன்ன பேச்சு கேக்கலன்னா நல்லா நாலு போடுங்க” என்றார் அம்மா.

எவ்வளவு தாராளமான அனுமதி! நேற்றாக இருந்தால் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பேன்.

“அவ தப்பு பண்ணலம்மா. நான்தான் பண்ணிட்டேன்” என்றேன். அந்த அம்மா நம்பவில்லை. டீச்சர் ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, காபி போட எழுந்துவிட்டார்.

வெண்ணிலா என்னைப் பார்க்காமல் சொன்னாள். “பேசுனாலும் அடிக்கிறீங்க, பேசாட்டியும் அடிக்கிறீங்க. வூட்ல இருந்தா அடி இல்லல்ல?”

“இனிமே அடிக்க மாட்டேன். வரியா?”

கறுத்த விரலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். “நான் பேசலன்னு எல்லார்ட்டயும் சொல்லுவீங்களா?”

மறுநாள் காலை. பட்டியலே கிடையாது. போர்டு சுத்தம். முப்பத்தெட்டு பேர் முன்னால் நின்றேன். பதினாறு வருட சர்வீஸில் பிள்ளைகள் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டது அன்றுதான்.

“வெண்ணிலா பேசாத நாள்லயும் நான் அவள அடிச்சிருக்கேன். கலையரசி மேல தப்பில்ல, அவள பயமுறுத்துனது நான்தான். தப்பு என்னுது. இனிமே பேர் எழுதுறது கெடையாது, பிரம்பும் கெடையாது.”

ஒருவன் எழுந்தான். “அப்ப டீச்சருக்கு யாரு அடி குடுப்பா?”

நியாயமான கேள்விதானே? “வெண்ணிலாகிட்ட கேளு” என்றேன். வெண்ணிலா பெரிய மனசு பண்ணி, “வேணாம், வுட்டுடலாம்” என்றாள்.

பிரம்பு போனது. ஒழுங்கும் கூடவே போனது! அடுத்த இரண்டு நாள் நான் வெளியே போனபோதெல்லாம் ஒரே ரகளை. பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து ஹெச்.எம். எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், சந்தக்கடையா நடத்துறீங்க? பிரம்ப எடுங்க.”

“ஒரு வாரம் டயம் குடுங்க சார். சரி வரலன்னா நானே எடுக்கிறேன்.”

சும்மா சொல்லவில்லை. எனக்குத் தெரியும் — வேலையில்லாத வாய்தான் சத்தம் போடும். நான்கு நான்கு பேராக உட்கார வைத்தேன். நால்வரும் பேசிப் பேசிப் போட வேண்டிய கணக்குகளைக் கொடுத்தேன். பேசலாம். ஆனால் பீரோவைத் தாண்டி சத்தம் போகக் கூடாது. ஏன்? அங்கே அண்ணன், அக்காக்கள் படிக்கிறார்கள். விதி அவ்வளவுதான். காரணம் புரிந்த விதியைப் பிள்ளைகள் உடைப்பது குறைவு, பெரியவர்களை விட.

ஒரு வாரம் கழித்து, மறுபடி ஒரு படிவம். அரை மணி நேரம். திரும்பி வந்தால்... அமைதி இல்லை. தேனீக்கூட்டில் கேட்குமே, அந்த மாதிரி ஒரு முணுமுணுப்பு. ஹெச்.எம். பீரோவைத் தாண்டி எட்டிப் பார்க்கவே இல்லை. பிரம்பைப் பற்றியும் அதன் பிறகு பேசவில்லை.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். வெண்ணிலா இன்னமும் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறாள். ஆனால் ஒரு நாள்கூட லீவு போடவில்லை, விரல்களில் புதுத் தோல் வருகிறது. நேற்று வகுப்பில் எல்லாரையும் விட அதிகமாகச் சத்தம் போட்டுப் பேசியது யார் தெரியுமா? கலையரசி!

நன்றாக ஒரு அதட்டு அதட்டினேன். அடிக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன்... அதட்ட மாட்டேன் என்று எப்போது சொன்னேன்?