ஃபிளாப்பிக்கு வைத்த சந்தனம்

எண்பதுகளின் நடுவில், மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் பஸ்களுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம்.
2. லீவு முடிந்து வந்து சுவிட்சைப் போட்டால், அது கிளம்பவில்லை.
3. திங்கட்கிழமை சரக்கு லாரி ஏறாவிட்டால் ஆர்டர் வேறிடம் போய்விடும் என்று மொத்த வியாபாரியிடமிருந்து தந்தி வந்தது.
4. ஆர்டர் போனால் இரண்டாம் ஷிப்டை மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி.

கோளாறு மெஷினில் இல்லை. பிரஸ், தராசு, ஸ்பானர் என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்த எங்கள் ஃபோர்மேன் அண்ணன், ஃபிளாப்பிக்கும் பக்தியோடு வைத்துவிட்டார். கறுப்பு உறையில் காந்தத் தட்டு வெளியே தெரியுமே, சரியாக அந்தத் திறப்பில்.

"எம்புட்டோ மெஷினுக்கு வச்சிருக்கேன் தங்கச்சி, ஒண்ணுகூட இப்பிடிக் கோவிச்சுக்கிட்டதில்ல" என்றார். சிரிக்க வரவில்லை. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

அந்த ஃபிளாப்பியைப் போட்டால்தான் கம்ப்யூட்டர் கிளம்பும். அதில் இருந்தது, கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி தானே உருவாக்கிய மொழி. சும்மா சொல்லக்கூடாது, அருமையான மொழி. எந்த ஊர்க் கடைக்கு எந்தப் பாகம் எத்தனை என்று நாலு வரியில் பட்டியல் வாங்கிவிடலாம். நான் பாலிடெக்னிக் முடித்துப் படித்த கோபோல் என்ற பொது மொழியில் அதற்கே பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஆனால் கம்பெனி மொழி அவர்கள் மெஷினில் மட்டும்தான் ஓடும். பிரதி எடுக்க முடியாதபடி ஃபிளாப்பிக்குப் பூட்டும் போட்டிருந்தார்கள். மெட்ராஸில் இருந்த அவர்கள் ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டால், பம்பாயிலிருந்து வேறு ஃபிளாப்பி வர சில வாரங்கள் ஆகும் என்றார்கள். லாரி ஏற்றத் தேவையான அந்தப் பட்டியலைக் கையால் போட்டால் திங்கட்கிழமைக்குள் முடியாது.

படித்தது மறந்துவிடக் கூடாது என்று அதே பட்டியலுக்குக் கோபோலிலும் தாளில் எழுதிப் பார்த்திருந்தேன். அந்தத் தாள்களோடு பஸ் ஏறி, கம்ப்யூட்டர் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஒரு நூல் மில்லில் போய் நின்றேன். அங்கே பொறுப்பில் இருந்த அக்காவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. மெஷினும் வேறு கம்பெனி. தாள்களைப் புரட்டியவர், "கோபோல்தானே! இங்க ஓடும்ங்க. மேல நாலஞ்சு வரி மட்டும் மாத்தணும்" என்றார். மேனேஜரிடம் பேசி அனுமதியும் வாங்கி வந்தார். "ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசை முடிஞ்சு நேரா வாரேன். ஆர்டர் சீட்டெல்லாம் எடுத்துட்டு வந்துருங்க."

ஞாயிறன்று ஃபோர்மேன் அண்ணன் சீட்டுகளை வாசிக்க, நாங்கள் இருவரும் மாறி மாறி டைப் அடித்தோம்.

"தேனி, தேனி! அடுத்து கம்பம்!"

"அண்ணே, கண்டக்டர் மாதிரி கத்தாதீங்க. நாங்க எறங்க மாட்டோம்" என்றார் அக்கா.

"கை வலிச்சா சொல்லும்மா, நிப்பாட்டுறேன். என் தொண்டையக் கொறை சொல்லாத."

முதல் தடவை பிழைகளாகக் கொட்டியது. திருத்தி மறுபடி ஓட்டினோம். பிரிண்டர் கரகரவென்று பட்டியலைத் தள்ளியது. அண்ணன் தாளைக் கிழித்தெடுத்து, சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். "சரியா இருக்கு தங்கச்சி. லாரிக்காரன்ட்டச் சொல்லிட்டு வாரேன்" என்று அப்போதே எழுந்துவிட்டார்.

நாலு வரியில் வேலை முடிக்கும் மொழி இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் பலருக்கும் தெரிந்த மொழியில் எழுதி வைத்தால், முன்பின் அறியாத ஒருவர்கூட அதைப் படித்து நமக்குக் கைகொடுக்க முடியும் என்ற தைரியம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை சரக்கு லாரி ஏறியது. பிறகு பம்பாயிலிருந்து ஃபிளாப்பியும் வந்தது, முதலாளி எங்கள் மெஷினுக்கும் கோபோல் வாங்கினார். அதன்பின் சரக்கு இருப்பும் அனுப்புகையும் அதில் ஓடின, சம்பளக் கணக்கு கம்பெனி மொழியிலேயே இருந்தது, இரண்டாம் ஷிப்ட் நடந்தது.